காப்பி குடித்த வீடு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் அப்பாவின் இருமல் எங்கள் எல்லாரையும்விடச் சுகமாக இருக்கிறது. வீட்டு நிலவரம் இவ்வளவுதான். இனிமேல் எழுதப்போவது முழுக்க உன்னைப் பற்றி. மத்தியானம் தேனி பஜாரே ஈ ஓட்டுகிற நேரமாகப் பார்த்து, நம் பம்புசெட் மோட்டார் கடைக் கல்லாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுவில் வாசர் கொடு, வால்வு கொடு என்று யாராவது வருவார்கள். அதனால் பேச்சு அங்கங்கே அறுந்து ஒட்டும். வக்கீலுக்குப் படித்த பெண் என்பதற்காக வரிக்கு வரி என்னைக் குறுக்கு விசாரணை பண்ணாதே.

கல்லூரி உனக்குக் கொடுக்கிற இரண்டு வருஷ வேலையை ஏற்கிறாயா இல்லையா என்று இந்த வாரக் கடைசிக்குள் நீ எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறினாய். உன் அப்பா அப்போதே பெரியகுளத்து வக்கீலைப் போய்ப் பார்க்கத் தயாராகிவிட்டார். அவரிடம் நீ ஜூனியராகச் சேர்ந்தால் வீட்டிலிருந்தே போய் வரலாம், கறுப்புக் கோட்டோடு நீ பஸ்ஸுக்கு நிற்பதைப் பஜாரே பார்க்கும் என்பது அவர் கணக்கு. இந்த வேலைக்கு ஃபெல்லோஷிப் என்று பேர் என நீ முதன்முதலில் சொன்ன அன்றைக்கு அவர் முகம் போன போக்கு எனக்கு மறக்காது. நம் சபையில் அந்தப் பேரில் நடப்பது ஜெபக்கூட்டம்தானே, இதற்கா வக்கீலுக்குப் படித்தாள் என்று புலம்பினார். பிறகு நீதான் பொறுமையாக விளக்கினாய். பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலைதான், ஆனால் கரும்பலகைக்கு முன்னால் இல்லை. சட்டம் படிக்கிற பிள்ளைகளைக் கிராமத்துக்குக் கூட்டிப்போய், அங்கே கூலிக்காரர்களோ தோட்டக்காரர்களோ சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்தால், சங்கம் வைக்க, விதி எழுத, பதிவு செய்ய, ஆபீசில் கேட்க வேண்டியதைக் கேட்கத் துணை நிற்பது. டாக்டருக்குப் படிக்கிறவர்கள் நோயாளியைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுபோல இவர்கள் ஊரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள், அதனால்தான் இதற்கும் கிளினிக் என்று பேர் என்றாய். எனக்கு அன்றைக்கே பிடித்துப்போய்விட்டது. உன் அப்பா வருத்தப்படுவார் என்று வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது நீ சொல்கிற காரணத்துக்கு வருகிறேன். கிளினிக் பிள்ளைகளோடு ஓடைப்பட்டிப் பக்கம் அந்தத் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிற பெண்களிடம் போய் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாயாம். ஒரு கூட்டத்தையே ஒழுங்காக நடத்தத் தெரியாதவள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்கிறாய். கெடுத்தது உண்மைதான். நமக்குப் பழக்கமான தோட்டம் என்று நானும் கூட வந்திருந்தேன், பூசி மெழுகமாட்டேன். ஆனால் அதிலிருந்து நீ எடுத்த முடிவு இருக்கிறதே, அது எனக்கு ரொம்பப் பழக்கமான முடிவு. சின்ன வயசில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பனாக வந்து ஒரே ஒரு வசனத்தை மறந்தாய். அதற்குப் பிறகு மேடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. போடி ரோட்டில் சைக்கிள் பழகும்போது ஒரு மாட்டு வண்டியில் போய் மோதினாய். முழங்கால் புண் ஆறுவதற்கு முன்பே சைக்கிளை உன் அண்ணனுக்குத் தூக்கிக் கொடுத்தாய். ஒரு இடத்தில் தப்பு நடந்தால் அந்த இடமே உலகத்தில் இல்லை என்று ஆக்கிவிடுவது உன் சுபாவம். அது யார் கொடுத்த சீதனம் என்று எனக்குத் தெரியும்.

நீ நடை பழகிய காலம். தோட்டங்களுக்கு அப்போதுதான் கரண்டு வந்துகொண்டிருந்தது. காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு கூட்டுக் கிணற்றுக்கு நம் கடை மோட்டார் போனது. அவ்வளவு பெரிய மோட்டார் நாங்கள் அதுவரை விற்றதில்லை. பந்தல் போடாத குறைதான், ஊரே திரண்டு நின்றது. தேங்காய் உடைத்தார்கள். உன் அப்பா சலவை வேட்டியில் போய் சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஜோராக ஓடியது, தண்ணீர்தான் வரவில்லை. ஒருத்தர் குழாய் வாயில் காதை வைத்துக் கேட்டார், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், அப்புறம் ஒரே சிரிப்பு. உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்போடு போய், வந்த பஸ்ஸில் ஏறித் தேனி வந்து சேர்ந்துவிட்டார். இடுப்பில் உன்னோடு நான் அங்கே நிற்பது அவருக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம்.

எனக்கு மோட்டாரைப் பற்றி அன்றைக்கு ஒரு எழவும் தெரியாது. பெரிய தைரியசாலி என்பதால் அங்கே இருக்கவில்லை. தனியாகத் திரும்பி வர வழி தெரியாததால் இருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று கிணற்று மேட்டில் உட்கார்ந்து உனக்குச் சோறு ஊட்டினேன். சிரித்துக் களைத்தவர்களில் ஒருத்தரே பக்கத்துத் தோட்டத்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது, இரண்டு வயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று அவர் சொல்லி, மாற்றியும் போட்டார். தண்ணீர் வந்த வேகத்தில் உன் கவுன் நனைந்து நீ அழுதாய். பிறகு அந்த ஊர்க்காரர்கள் யார் மோட்டார் வாங்கினாலும் நம் கடைக்குத்தான் வந்தார்கள். தண்ணீர் வராதபோதும் கூட உட்கார்ந்திருந்தீர்களே என்றார்கள். உன் அப்பா மட்டும் இன்றுவரை அந்த ஸ்டாப்பில் இறங்கமாட்டார்.

கூட்டுக் கிணற்றுக்காரர்களிடம் இன்னொன்றும் கற்றோம். அதை அன்றைக்கு ஓடைப்பட்டிக்குப் போகும்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டுக் கிணற்றுக்கு மோட்டார் பார்க்க ஒருத்தர் மட்டும் வரமாட்டார். பங்காளிகள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒருத்தர் தலையாட்டாவிட்டாலும் வியாபாரம் இல்லை. ஆரம்பத்தில் உன் அப்பா அவர்கள் உட்கார்ந்ததுமே எதிர்க்கடையிலிருந்து காப்பி வரவழைப்பார். காப்பி உள்ளே போனதும் எல்லாத் தலையும் ஒன்றாக ஆடும். மோட்டார் அருமை, விலை நியாயம், நாளைக்கு வண்டி கொண்டுவருகிறோம் என்று கும்பிட்டுப் போவார்கள். மறுநாள் வண்டி வராது. விசாரித்தால், அதில் இரண்டு பேருக்கு முதலிலிருந்தே இஷ்டமில்லை என்று தெரியவரும். அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், உங்கள் கடையில் கை நனைத்துவிட்டு உங்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பார்கள். அதற்குப் பிறகுதான் நம் கடையில் பேச்சு முடிந்த பிறகு காப்பி என்று ஆனது. வாங்கினாலும் காப்பி, வாங்காவிட்டாலும் காப்பி, ஆனால் பேசி முடித்த பிறகு.

இத்தனை வருஷம் கடையில் இதைச் செய்துவிட்டு, அன்றைக்கு உன்னோடு வந்த எனக்கு அது தோன்றவே இல்லை பார். அந்தப் பெண்கள் உங்களிடம் கேட்டது சின்னக் காரியம். திராட்சைப் பந்தலுக்கடியில் கொத்து நெருங்காமல் பிஞ்சு கழிக்கிற வேலைக்குக் கைப்பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பந்தலைத் தாங்குகிற கல்லுக்காலில் தூளி கட்டிப் போட்டுவிட்டுக் கழுத்தை அண்ணாந்து வேலை பார்க்கிறார்கள். பக்கத்து வரிசையில் கொடி நோய்க்கு நீல மயில்துத்த மருந்து அடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு பிள்ளையின் நெற்றியில் நீலமாகப் பொட்டுப் பொட்டாக இருந்ததைத் துடைத்துக் காட்டினாளே ஒருத்தி, பேச்சியம்மாள், உனக்கு ஞாபகம் இருக்கும். பஞ்சாயத்தின் பழைய கட்டடம் ஒன்று ரோட்டோரம் பூட்டிக் கிடக்கிறது, அதைப் பிள்ளைகளை விட்டுவைக்கக் கொடுத்தால் போதும் என்றார்கள். சங்கமாகப் பதிவு செய்து கேட்டால்தான் கொடுப்பார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். எல்லாம் சரியாகத்தான் போனது.

சங்கத்துக்குத் தலைவி தேர்ந்தெடுக்கிற கூட்டத்தை அந்தத் தோட்டத்துக்காரம்மா தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். நம் கடைக்குப் பழகினவள், நிழலும் காற்றாடியும் உள்ள வீடு, உன் கூட வந்த மாணவப் பிள்ளைகளுக்கும் வெயில் தாங்கவில்லை. வேலை முடிந்த கையோடு பெண்களும் அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். டம்ளர் டம்ளராகக் காப்பி, தட்டு நிறைய முறுக்கு. அவள் கெட்டவள் இல்லை மகளே, மனசாரக் கொடுத்தாள், அதுதான் தொல்லை. யாரைத் தலைவியாக வைக்கலாம் என்று நீ கேட்டதும் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், அப்புறம் அத்தனை கையும் அந்தம்மாவுக்கே உயர்ந்தது. அவளும் கூச்சத்தோடு எழுந்து, பஞ்சாயத்துக் கட்டடம் எதற்கு, என் கொட்டகையிலேயே ஒரு மூலை ஒதுக்கித் தருகிறேன் என்றாள். மருந்து மூட்டை அடுக்கிய கொட்டகை அது. பெண்கள் கை தட்டினார்கள். அப்போது உனக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான். வாயில் வந்த வார்த்தைதான் நியாயம் இல்லை.

"ஒங்களுக்கே தைரியம் இல்லன்னா, நாங்க எதுக்கு மதுரையில இருந்து வரணும்?" என்று கேட்டாய். தேர்தல் செல்லாது என்று காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தாய். தோட்டத்துக்காரம்மா அழுதாள். பேச்சியம்மாள் தரையைப் பார்த்தாள். நான் கையில் பாதி முறுக்கோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். இறங்கும்போது, நான் பெரியகுளத்து வக்கீலிடமே போகிறேன் என்றாய்.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. தெரியாதது நேற்று நடந்தது. அந்தப் பேச்சியம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, பஜார் முழுக்க விசாரித்து நம் கடைக்கு வந்து நின்றாள். மதுரையில் படிக்கிற வக்கீல் பொண்ணு வீட்டுக் கடை இதுதானே என்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் காப்பி சொல்ல வாயெடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம்க்கா. இங்கன காப்பியக் குடிச்சிட்டா அப்பறம் ஒங்க மகளப் பத்தி நேராப் பேச முடியாது."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நம் கடை வழக்கம் அவ்வளவும் மண்டையில் வந்து இறங்கியது. அடி பாவி, இதை மறந்துவிட்டோமே என்று நானும் அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டேன். சிரித்து ஓய்ந்ததும் அவள் நேராகவே பேசினாள். நீ சொன்ன வார்த்தை அன்றைக்கு முழுக்க அவர்களுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்ததாம். தைரியம் இல்லை என்று சொல்ல அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும் என்று திட்டித் தீர்த்தார்களாம். அடுத்த முறை மருந்து டின்னைத் தூக்கியபோது ஒருத்தரும் பந்தலுக்குள் இறங்கவில்லையாம். தூளிகளை அவிழ்த்துப் பிள்ளைகளோடு ரோட்டோர மரத்தடிக்குப் போய்விட்டார்களாம். அன்றிலிருந்து முறைவைத்து ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள், மற்றவர்கள் தங்கள் கூலியில் அவளுக்குப் பங்கு கொடுக்கிறார்கள். தோட்டத்துக்காரம்மா முதல் நாள் முறைத்தாள், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லையாம். மழைக்காலம் வருவதற்குள் அந்தக் கட்டடம் கிடைத்தாக வேண்டும், மரத்தடியில் எத்தனை நாளைக்கு வைத்திருப்பது என்றாள்.

நான் உனக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு, என் மகள் கோபக்காரி, கல்லூரியில் சொல்லி வேறு நல்ல ஆளாக அனுப்பச் சொல்கிறேன் என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வேற ஆளு எதுக்குக்கா? புதுசா வாரவுகளும் மொதல்ல எங்கிட்டாவது ஒக்காந்து காப்பிதான் குடிப்பாக. ஒங்க மக இனிமே குடிக்காது. அதுவே வரட்டும்."

கூட்டத்தை ரோட்டுப் பாலத்துக்கிட்டே வைத்துக்கொள்ளலாம், அது யார் வீடும் இல்லை என்றாள். வேலை நாளில் வேண்டாமாம். வேலை முடிந்து அப்படியே வந்தால் தோட்டத்துக்காரம்மா வீட்டு ஆளாகத்தான் வருவோம், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி வருகிறோம் என்றாள். தைரியம் இல்லை என்று நீ சொன்னாயே, அந்தப் பெண்களைத்தான் சொல்கிறேன். உன் மேல் இருப்பதைவிட எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடிவிட்டது என்று எழுதத் தோன்றுகிறது. எழுதினால் நீ கோபித்துக்கொள்வாய், ஆனாலும் எழுதுகிறேன்.

அதனால் சொல்கிறேன், அந்த வேலையை விடாதே. ஒன்றும் தப்பாமல் நடத்திய ஆள் அந்தப் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கும்? புத்தகத்தில் இருப்பதை அவர்களே படித்துக்கொள்வார்கள். எந்த வீட்டில் உட்கார்ந்தோம், யார் கொடுத்ததைக் குடித்தோம், கை உயர்த்தியவர்களின் கண் எங்கே பார்த்தது என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும், பட்டுத் தெரிந்துகொண்டாய். முதல் வகுப்பில் அதையே சொல். உன் பேரிலேயே சொல், யாரோ ஒரு வக்கீல் என்று மறைக்காதே. சிரிப்பார்கள். சிரித்து முடிக்கிற வரைக்கும் இரு, அவ்வளவுதான் வேண்டியது. அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அது உனக்கே தெரியும். தோட்டத்துக்காரம்மாவிடமும் தனியாகப் போய்க் கேள். அவளும் பிள்ளை பெற்றவள், நாளைக்குக் கட்டடத்துக்குக் கையெழுத்துக் கேட்கப் போனால் அவள் வீட்டுக்காரர் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் எளிதாகும். அவளைத் தலைவியாக வைக்கத்தான் கூடாது, விரோதியாக வைக்க வேண்டியதில்லை.

சம்பளம் குறைவு என்று உன் அண்ணன் சொன்னான். நாங்கள் உன்னிடம் கேட்டோமா? கல்யாணப் பேச்சு எடுத்துக்கொண்டு வருகிற சொந்தக்காரர்களை இரண்டு வருஷம் நான் சமாளித்துக்கொள்கிறேன், அதற்கு எனக்குச் சட்டம் படிக்க வேண்டியதில்லை. வெயிலில் அலையும்போது மட்டும் வெறும் வயிற்றோடு அலையாதே. உனக்குப் பசி வந்தால் நாக்கு நீளும், அது என் சீதனம்.

கடைசியாக உன் அப்பா. பேச்சியம்மாள் பேசியது அத்தனையும் அவர் உள்ளே சாமான் அடுக்குவதுபோலக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வருமா என்று அவள் கடைசியாகக் கேட்டாள். நீ வருவாய் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? மழுப்பப் பார்த்தேன். அப்போது அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். காய்ச்சலில் கிடந்தாலும் ஞாயிறு ஆராதனைக்கு நம்மை இழுத்துக்கொண்டு போகிற மனுஷர் அவர், ஒரு ஞாயிறு தவறினாலும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று உனக்குத் தெரியும்.

"ஞாயித்துக்கெழம காலையில எம் மக வரும். நானே கூட்டிட்டு வாரேன்" என்றார்.

பேச்சியம்மாள் போன பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. எனக்கு அழுகையாக வந்தது, கடையில் ஆள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். அவர் ஒன்றுமே நடக்காததுபோலப் போய் சாமானை அடுக்கினார். பெரியகுளத்து வக்கீலைப் பற்றி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

நாளைக்குச் சரக்கு எடுக்க அவர் மதுரை வருகிறார். இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். ஹாஸ்டல் வாசலில் நின்று வயர் விலை ஏறியதைப் பற்றிப் பேசுவார், மழையைப் பற்றிப் பேசுவார், நீ என்ன முடிவு செய்தாய் என்று மட்டும் கேட்கமாட்டார், அவருக்கு வராது. ஏழு கடலைத் தாண்டச் சொன்னாலும் தாண்டுவார், மகளிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னால் வேர்த்துவிடும். நீ அவரை ரொம்ப நேரம் அங்கே நிற்கவைக்காதே. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி பஸ்ஸுக்குப் போகலாம் அப்பா என்று நீயே கேட்டுவிடு.

அம்மா